மலாய் ஏடுகளும் அறுந்த ஸனதும்

1824ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2ஆம் நாள், சுமாத்திராத் தீவின் பென்கூலன் துறையிலிருந்து இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்ட ‘ஃபேம்’ என்னும் கப்பல் அன்றிரவே கடலில் தீப்பற்றி எரிந்தது. மாந்தர் அனைவரும் படகுகளில் இறங்கித் தப்பினர். ஆனால், சர் ஸ்டாம்ஃபர்டு ராஃபிள்ஸ் மலாய் நாடுகளில் பல்லாண்டு திரட்டித் தம்முடன் ஏற்றிச் சென்ற கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. அச்செய்தி கேட்டு நெஞ்சம் புண்பட்டவர்களுள் முன்ஷி அப்துல்லாஹ்வும் ஒருவர். தமிழ்க் குருதி கலந்த மலாக்கா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தமிழ் பயின்றவர். இளைஞராக இருந்தபோது ராஃபிள்ஸிடம் எழுத்துப் பணி செய்தவர். 1849இல் அச்சேறிய தம் வரலாற்று நூலான ‘ஹிகாயத் அப்துல்லாஹ்’வில், அந்த ஏடுகளின் அழிவை நினைந்து அவர் வருந்தி எழுதியிருக்கிறார்.

இன்று மலாய் மக்களின் மரபறிவைக் கணினியில் திரட்டி, உலகின் எம்மூலையிலுள்ள ஆய்வாளரும் காணும்படி இணையத்தில் வைக்கும் பெருமுயற்சிகள் நடைபெறுகின்றன. அவற்றைக் காணுந்தோறும் எமக்கு அந்த முன்ஷியின் நினைவே எழுகிறது. அவர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மலாய் எழுத்திலும் சொல்லிலும் அத்துணை நுண்மை பார்த்த அந்த ஆசான், மகிழ்ச்சி அடங்கியபின் சில கேள்விகளையும் கேட்டிருப்பார் என்றே கருதுகிறோம். அக்கேள்விகளை எமது சிற்றறிவுக்கு எட்டியவரை இங்கே கேட்டுப் பார்ப்பதே நோக்கம்.

முதலில், நடந்திருக்கும் பணியின் அளவை வாசகர் அறிதல் வேண்டும். மலேசியத் தேசிய நூலகத்தில் 1985 முதல் மலாய்க் கையெழுத்துப் பிரதிகளுக்கென்றே ஒரு நடுவம் இயங்கி வருகிறது. பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மலாய் உலக, நாகரிக ஆய்வுக்கழகம், ‘ஆட்மா’ என்று சுருங்க அழைக்கப்படுவது, பந்துன் பாடல்கள், பழமொழிகள், கட்டுரைகள், படங்கள் எனப் பலதிறப்பட்டவற்றை ஒரு தளத்தில் குவித்துள்ளது. மலாயாப் பல்கலைக்கழகத்தார் ‘மைமானுஸ்கிரிப்’ என்ற பெயரில் ஏடுகளின் மின்நூலகம் ஒன்றை அமைத்தனர். இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகம் தன்னிடமிருந்த மலாய் ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து 2013 முதல் வெளியிட்டது. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயன் ப்ரௌட்ஃபுட் என்னும் அறிஞர், பழைய மலாய் நூல்களின் சொற்களையெல்லாம் தேடிக் காணத்தக்க ஒரு சொல்லடைவை 1990களில் தொடங்கி, 2011இல் தாம் மறையும்வரை வளர்த்தார். ஜகார்த்தாவிலும் ஹாம்பர்க்கிலும் உள்ள அறிஞர்கள் கூடி ‘ட்ரீம்ஸீ’ என்னும் திட்டத்தின்கீழ் தென்கிழக்காசிய நாடுகளில் வீடு வீடாகச் சென்று, பரணிலும் பெட்டியிலும் கிடந்த ஏடுகளைப் படமெடுத்து வருகின்றனர்.

இவற்றைக் குறைத்துப் பேசுவோர் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஐ நினைத்துப் பார்க்கட்டும். அன்று பந்தா ஆச்சேயில் புகுந்த ஆழிப்பேரலை, ஆச்சே ஆவண, தகவல் நடுவத்தின் கட்டடத்தை அதிலிருந்த ஏடுகளோடு சேர்த்து அழித்துவிட்டது. படியெடுக்கப்படாமல் அங்கிருந்தவை இனி எவர் கண்ணுக்கும் புலப்படா. ஆகவே படமெடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. படத்தோடு வேறு என்ன எடுக்கப்படுகிறது, என்ன விடப்படுகிறது என்பதே கேள்வி.

எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் கோலாலம்பூரில் பணிபுரிகிறார். சென்ற ஆண்டு அவர், ஒரு தரவுத்தளத்திலிருந்து அச்செடுத்த மருத்துவ ஏட்டின் இரண்டு பக்கங்களை எமக்கு அனுப்பி, “ஹஜ்ரத், இதில் வரும் அரபு துஆக்களைச் சரிபார்த்துத் தாருங்கள்” என்று கேட்டிருந்தார். ஏடு ஜாவி எழுத்தில் இருந்தது. அரபு எழுத்துகளோடு, அரபியில் இல்லாத ச, ங, ப, க, ஞ முதலிய ஒலிகளுக்குப் புள்ளியிட்டு ஆக்கிய எழுத்துகளும் சேர்ந்ததே ஜாவி. நம் முன்னோர் அரபுத் தமிழுக்குச் செய்ததும் இவ்வகையான ஏற்பாடே ஆதலால், அப்பக்கம் எமக்கு அயலாகத் தோன்றவில்லை. உரக்க வாசிக்கவும் செய்தோம். அரபுச் சொற்கள் நெடுகவும் கை கொடுத்தன. நடுவே ‘பெத்தி’ என்ற சொல் வந்தபோது, அது நம் ‘பெட்டி’தான் என்று கண்டு வீட்டார் சிரித்தனர். கப்பல் அங்கே ‘காப்பல்’, கடை ‘கெடாய்’, கட்டில் ‘காத்தில்’, மாம்பழம் ‘மெம்பலம்’, முதல் ‘மோடால்’. மரக்கலங்கள் சரக்கோடு சொல்லையும் ஏற்றிச் சென்ற காலம் அது.

துஆக்களில் பிழை அதிகமில்லை. இடறியது வேறிடத்தில். ஏட்டுப் பக்கத்தை ஒட்டி ரூமி எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்தில், ஒரு பெயர்ப்பும் தரப்பட்டிருந்தது. அதன்படி ஒரு மருந்தின் தலைப்பு ‘உபாட் பெருட் கம்பிங்’. அகராதியைப் புரட்டினால் உபாட் என்பது மருந்து; பெருட் என்பது வயிறு; கம்பிங் என்பது ஆடு. ஆட்டின் வயிற்றுக்கு மருந்து! பதிவிலும் அதற்கேற்ப ‘கால்நடை மருத்துவம்’ என்றே பொருட்பகுப்பு எழுதியிருந்தார்கள். எமக்கு ஐயம் தட்டியது. கிராம்பும் இஞ்சியும் தட்டிப் போட்டு வெந்நீரில் பருகச் சொல்லும் மருந்தை எந்த ஆடு பருகும்?

மாணவர் தம் அண்டை வீட்டிலிருந்த முதிய மருத்துவச்சியிடம் அந்த வரியைக் காட்டினார். அவ்வம்மையார் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, “பெருட் கெம்புங்” என்று ஒரு நொடியில் வாசித்தாராம். வயிற்று உப்பிசம்! காஃப், மீம், பா, ஙா என்ற நான்கெழுத்துகள் உயிர்க்குறியின்றி எழுதப்பட்டால் கம்பிங் என்றும் வாசிக்கலாம். கெம்புங் என்றும் வாசிக்கலாம். கெம்பாங் என வாசித்தால் மலர்தல், கும்பாங் என வாசித்தால் வண்டு. நான்கும் எழுத்தில் ஒன்றே. பிள்ளை பெற்ற பெண்களுக்கும் பால் குடிக்கும் குழந்தைகளுக்கும் வயிற்று உப்பிசத்துக்கு நாற்பதாண்டு மருந்து அரைத்த கைக்கு அது எச்சொல் என்பதில் குழப்பமே எழவில்லை. பட்டம் பெற்ற பெயர்ப்பாளருக்கோ ஆடு தெரிந்தது.

இதை நகைப்புக்காக எழுதவில்லை. அந்தப் பெயர்ப்பாளர் எழுத்தறியாதவர் அல்லர். ஒருவேளை நாள் ஒன்றுக்கு இத்தனை பக்கம் என்ற கணக்கில் வேலை செய்தவராக இருக்கலாம். ஜாவி எழுத்தின் குறை என்று சிலர் இதனைச் சொல்வர். எமது கருத்து வேறு. கிளந்தான், பட்டாணி முதலிய இடங்களின் போந்தோக் எனப்படும் மதரஸாக்களில் ‘மெனாடா கிதாப்’ என்றொரு முறை உண்டு. ஆசிரியர் முன்னிலையில் மாணவர் கிதாபை விரித்து ஏந்தியிருப்பார். ஆசிரியர் ஓதுவார், விளக்குவார். மாணவர் தம் பிரதியில் குறித்துக்கொள்வார். நம் மதரஸாக்களில் ஹரகத் இல்லாத கிதாபை உஸ்தாதின் முன் ஓதி இபாரத்தைத் திருத்திக்கொண்டது போன்றதே இது. எழுத்து பாதி, குரல் பாதி. உயிர்க்குறியை ஏடு சுமக்கவில்லை, ஏனெனில் அதனைச் சுமக்க ஓர் ஆசான் எதிரே அமர்ந்திருந்தார். அவர் இருந்தவரை அந்த எழுத்தில் எக்குறையும் இல்லை. தரவுத்தளம் செய்திருப்பது என்னவெனில், பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு முழுமை என்று பெயரிட்டதே.

இங்கேதான் ஹதீஸ் கலை பயின்றோர்க்கு ஒரு பழைய ஒழுங்கு நினைவுக்கு வரும். ஒரு செய்தி வந்தால், செய்தியைப் பார்க்குமுன் அதனைக் கொணர்ந்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர்க்குச் சொன்னவர் எத்தகையவர் என்று கேட்பது முஹத்திஸ்களின் வழி. அச்சங்கிலிக்கு ஸனது என்று பெயர். சங்கிலி அறுந்த செய்தி எத்துணை அழகாயினும் அதன் நிலை தாழ்ந்ததே. ஓதி முடித்த மாணவர்க்கு ஆசான் ‘இனி நீ இதனைப் பிறர்க்குச் சொல்லலாம்’ என்று வழங்கும் அனுமதி இஜாஸத். மலாய் மரபிலும் அறிவு இவ்வாறே வந்தது. சிலம்ப வித்தையாயினும், மருத்துவமாயினும், ஓதிப்பார்த்தலாயினும் குருவின் இசைவு பெற்ற பின்னரே கையாளப்பட்டது. அந்தச் சொல்லும் அம்மொழியில் இருக்கிறது. ‘இஜாஸா’ என்றால் இன்று மலேசியாவில் பல்கலைக்கழகப் பட்டம் என்று பொருள். பட்டத்துக்குப் பெயராய் நிலைத்த சொல், பட்டதாரிகள் தொகுத்த தளங்களில் பொருள் இழந்து நிற்பது விந்தையே.

நாம் கண்ட பதிவுகள் பலவற்றில் தலைப்பு, மொழி, எழுத்து, தாளின் நீள அகலம், எத்தனை பக்கம் என்பவை திருத்தமாக இருந்தன. ஏட்டை எழுதியவர் யார், எந்த ஊரில் எழுதினார், எவர் குடும்பத்தில் இருந்தது, எப்போது கைமாறியது, இதில் உள்ளதைச் செய்துவந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்ற கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஏடு மௌனமாய் இருப்பதால் வெறுமையானவை சில. கேட்பாரின்றி வெறுமையானவை பல. ஏட்டைக் கொடுத்த குடும்பத்தின் மூதாட்டி அடுத்த அறையிலேயே அமர்ந்திருக்க, படமெடுப்போர் பக்கங்களை மட்டும் எண்ணிக்கொண்டு போவார்களாயின் அதனை என்னவென்பது?

பகுப்பு முறையும் எமக்கு உடன்பாடன்று. மலாய் மருத்துவ ஏட்டுக்குக் ‘கிதாப் திப்’ என்று பெயர். அரபியின் திப்புதான் அது. அதன் ஒரே பக்கத்தில் கருஞ்சீரகமும் மஞ்சளும் அரைக்கும் முறை இருக்கும். ஓதவேண்டிய ஆயத்து இருக்கும். கீழே எந்நாளில் மருந்து பறிக்கலாகாது என்ற குறிப்பு இருக்கும். மார்க்க அறிஞர் முகஞ்சுளிக்கும் மந்திரச் சொற்களும் சில வேளை இருக்கும். 1900இல் ஸ்கீட் என்னும் ஆங்கில அதிகாரி தாம் திரட்டியவற்றை நூலாக்கியபோது ‘மலாய் மாந்திரிகம்’ என்று பெயரிட்டார். அந்தப் பெயரின் நிழல் நூலகப் பகுப்புகளில் இன்னும் படிந்திருக்கிறது. ஒரே மருந்தின் இலையை ‘மருத்துவம்’ என்றும், துஆவைச் ‘சமயம்’ என்றும், நாட்குறிப்பை ‘மாந்திரிகம்’ என்றும் மூன்று பெட்டிகளில் போட்டுவிட்டால், மருந்தைத் தேடுபவர் இலையை மட்டும் காண்பார். எது மார்க்கத்துக்கு ஒத்தது, எது ஒவ்வாதது என்று பிரிப்பது ஆலிமின் வேலை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது வாசித்தபின் செய்ய வேண்டிய வேலை. பதிவுசெய்யும்போதே வெட்டிவிட்டால் பின்னர் எதனைத் தீர்ப்பது?

பெயர்களின் தொல்லை தனி. ‘தோங்கட் அலி’, அலியின் கைத்தடி, என்ற பெயரை மலேசியா சென்று வந்த நம்மவர் பலர் அறிவர். காட்டில் அதனைக் காட்டச் சொன்னால், யூரிகோமா என்று தாவரவியலார் அழைக்கும் மரமும் காட்டப்படும். அதனோடு எவ்வுறவுமற்ற பாலியால்தியா இனத்துச் செடியும் ‘கறுப்புத் தோங்கட் அலி’ என்று காட்டப்படும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் பெண்களுக்குக் கொடுக்கும் ‘காச்சிப் ஃபாத்திமா’விலும் மூன்று வகைகள் உண்டு. நாயகியாரின் பேரையும் அவர்தம் கணவரின் பேரையும் காட்டுச் செடிகளுக்கு இட்டு வழங்கிய அம்மக்களின் அன்பு போற்றத்தக்கதே. ஆனால் எந்த ஊரார் எச்செடிக்கு அப்பெயரை வழங்கினர் என்று குறிக்காத பதிவால் மருந்து செய்ய முடியாது. நிறுத்தலளவையிலும் இவ்வாறே. ‘ஒரு தாஹில்’ என்று ஏடு சொன்னால் அது ஏறத்தாழ 38 கிராம். பதினாறு தாஹில் ஒரு காத்தி. ஆனால் ‘ஒரு பிடி’ என்று சொன்னால் எவர் பிடி? அரைத்துக் காட்டும் மருத்துவச்சியின் கையைப் படமெடுத்தவர் அரியர்.

முற்காலத்தார் இதில் சற்றுக் கவனமாயிருந்தனர் என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். பினாங்கைச் சேர்ந்த இஸ்மாயில் என்ற முன்ஷி 1886ஐ ஒட்டி ஒரு மலாய் மருத்துவ ஏட்டை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 1930இல் சிங்கப்பூரில் அச்சானபோது, கிம்லெட் என்ற மருத்துவர் நோய்களுக்குக் குறிப்பெழுதினார்; முன்னர்ச் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவராயிருந்த பர்கில், மருந்துப் பொருள் ஒவ்வொன்றும் எச்செடி என்று ஆராய்ந்து சொன்னார். பெயர்த்தவர் யார், குறிப்பு யாருடையது, செடியை அடையாளம் கண்டவர் யார் என்று பிரித்தறிய இயலும் நூல் அது. பிழை கண்டால் எவர் தலையில் வைப்பது என்று தெரியும். ஆயினும், முகப்பில் உள்ள மூவருள் அம்மருந்துகளை முதலிற் செய்த மலாய் மருத்துவர் எவரும் இல்லை. ஸனதின் முதற் கண்ணி அன்றே விடுபட்டுப்போயிற்று.

இதில் இழப்பு பெயரளவில் நிற்பதில்லை, பொருளும் இருக்கிறது. மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுக்கப்பட்ட கதையை வாசகர் மறந்திரார். இந்திய அறிவியல் மன்றம் பழைய நூற்சான்றுகளைக் காட்டி வழக்காடியபின் 1997இல் அது நீக்கப்பட்டது. அதன் படிப்பினையாக 2001இல் இந்திய அரசு, ஆயுர்வேதம், யூனானி, சித்த மருத்துவம் ஆகியவற்றின் முறைகளை ஒரு தரவுத்தளமாக்கி, காப்புரிமை அலுவலகங்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டி வைத்தது. 2022இல்தான் அந்தப் பூட்டைத் தளர்த்தப் பிறர்க்கும் வழிவிட முடிவாயிற்று. மலேசியாவிலோ தோங்கட் அலியின் சாற்றுக்கு மலேசிய அரசும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து 2006இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றன. அரசே பெற்றதால் அது நாட்டுக்கு நன்மை என்பாரும் உளர். அக்கட்சியை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அந்த வேரைத் தோண்டிக் காட்டியவர்கள் மலாய்க் கிராமத்தாரும் காட்டில் வாழும் ஓராங் அஸ்லி மக்களும். காப்புரிமை ஏட்டில் அவர்களுக்கு எந்த வரி?

ஆய்வாளர்க்குத் திறந்து வை என்பது ஒரு கட்சி. பூட்டி வை என்பது மறு கட்சி. இரண்டும் முழுமையாக எமக்கு ஏற்புடையன அல்ல. எல்லார்க்கும் திறந்தால் முதலுள்ளவனே முதலில் நுழைகிறான். பூட்டிவிட்டால் ஏட்டின் சொந்தக்காரனே வாசலில் நிற்கிறான். இப்போதும் நிலைமை அதுவே. பல தளங்களின் பதிவுக் குறிப்புகள் ஆங்கிலத்தில் உள்ளன. தேடல் ரூமி எழுத்தில். ரூமியிலோ, 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒரே எழுத்துக்கூட்டலை ஏற்பதற்குமுன், ஒரே ஊறுகாயை இங்கொரு விதமாகவும் அங்கொரு விதமாகவும் எழுதினர். மருந்து மலேசியாவில் உபாட், இந்தோனேசியாவில் ஓபாட். ஒன்றைத் தேடினால் மற்றது வாராது. ஜாவி மட்டும் வாசிக்கத் தெரிந்த ஓர் ஊர்ப்புறத்து முதியவர் தம் பாட்டனார் ஏட்டைக் காண விரும்பினால், அவர்க்கு ஒரு பேரனும் ஓர் அகராதியும் வேண்டும். சேஜாரா மலாயுவின் புகழ்பெற்ற பிரதியும், 1612ஆம் ஆண்டை முகவுரையில் குறிப்பது, இலண்டனில் ‘ராஃபிள்ஸ் 18’ என்ற எண்ணோடு இருக்கிறது. எழுதியவர் மரபை விட்டு, எடுத்துச் சென்றவர் பெயரால் வழங்குகிறது.

நிலைபேறு என்று ஒன்று சொல்வார்களே, அதைப் பற்றியும் ஒரு சொல். 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் கொள்ளையர் கையில் சிக்கின. மின்படிமமான ஏடுகள் பல மாதங்கள் எவரும் காண இயலாதவையாயின. தாள் ஏடுகள் அடுக்கில் பத்திரமாகவே இருந்தன. ஆனால் அவற்றைக் கடல் கடந்து காண்போர்க்கு அவை இல்லாதது போலவேயாயிற்று. ஃபேம் கப்பலின் தீ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்ததன் விளைவு. இருநூறாண்டு கழித்தும் பாடம் மாறவில்லை. அசல் இருக்கும் ஊரிலேயே ஒரு படி, கொடுத்த குடும்பத்தின் கையில் ஒரு படி, தாளில் அச்சாகவும் ஒரு படி என்று வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

குறை மட்டும் சொல்லிச் செல்வது அழகன்று. நல்ல முன்மாதிரிகளும் கண்முன்னே இருக்கின்றன. ப்ரௌட்ஃபுட் அமைத்த சொல்லடைவில் ஒரு சொல்லைத் தேடினால், அது எந்நூலில், எப்பதிப்பில், எப்பக்கத்தில், எவ்வரியில் வருகிறது என்று காட்டும். அந்நூலின் காலமும் மூலப் பிரதியும் பற்றிய குறிப்பும் உண்டு. மதரஸா வாசல் மிதியாத ஒருவர் ஸனதின் ஒழுங்கைத் தம் துறையின் நேர்மையிலிருந்தே கண்டடைந்தார் என்பது எமக்கு வியப்பும் மகிழ்வும் தந்தது. சொற்களுக்கு அவர் செய்ததை மருந்துக்கும் பாட்டுக்கும் செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவின் டென்னன்ட் கிரீக் ஊரில் வாழும் வருமுங்கு பழங்குடியினர்க்காக 2007இல் அமைந்த ‘முகுர்து’ என்னும் களஞ்சியம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. முகுர்து என்பது அம்மக்கள் அரிய பொருளைப் பாதுகாத்து வைக்கும் பையின் பெயர். எதை எல்லாரும் காணலாம், எதைப் பெண்டிர் மட்டும் காணலாம், எதைக் குடும்பத்தார் மட்டும் காணலாம் என்பதை அம்மக்களே முடிவு செய்யும்படி அந்தக் கணினி நிரல் அமைக்கப்பட்டிருக்கிறது. இஜாஸத்தைக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

சட்டமும் அவ்வழியே வரத் தொடங்கியிருக்கிறது. மலேசியா 2017இல் இயற்றி 2020 டிசம்பரில் நடைமுறைக்குக் கொணர்ந்த உயிரியல் வளச் சட்டம், மரபறிவை எடுப்பதற்கு முன் அதற்குரிய மக்களின் இசைவைக் கேட்கச் சொல்கிறது. 2024ஆம் ஆண்டு மே 24இல் உலக அறிவுச்சொத்து அமைப்பில் நாடுகள் கூடி ஏற்ற உடன்படிக்கை, மரபறிவின்மேல் அமைந்த காப்புரிமை கோருவோர் அவ்வறிவு யாரிடமிருந்து வந்தது என்பதை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. வக்கீல்கள் இதற்கு நீண்ட பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு இது பழகிய சொல்தான்.

பந்துனைப் பற்றி எழுத நினைத்து இடம் குறைந்துவிட்டது. 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அந்நாலடிப் பாட்டு, ஒருவர் சொல்ல மற்றவர் மறுமொழி தொடுக்கும் வழக்கில் உயிர் வாழ்வது. களஞ்சியத்தில் ஆயிரமாயிரமாக அகரவரிசையில் நிற்கும் பந்துன்களைக் கண்டபோது, மணவீட்டில் பேசிக்கொண்டிருந்தவர்களை அழைத்து வந்து வரிசையாக நிற்க வைத்தது போலிருந்தது. எப்பாட்டுக்கு எது மறுமொழி என்று ஒரு கட்டம் சேர்த்திருந்தால் போதும். இன்னொரு முறை விரிவாகப் பேசுவோம்.

நம் வீட்டுப் பரண்களிலும் அரபுத் தமிழ்க் கிதாபுகள் இருக்கின்றன. அவற்றையும் படமெடுக்க எவரேனும் வருவர். வருவோரிடம் ஏட்டைக் கொடுக்குமுன், இது எந்தப் பாட்டியார் ஓதியது, அவர் யாரிடம் ஓதினார், எந்தப் பக்கத்தை எந்நோய்க்குப் பார்த்தார் என்பதை ஒரு தாளில் எழுதி ஏட்டோடு கட்டிக் கொடுக்குமாறு குடும்பத்தாரை வேண்டுகிறோம். மூத்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

அந்த மருத்துவ ஏட்டின் செய்தி எஞ்சியிருக்கிறது. ‘கம்பிங்’ அன்று, ‘கெம்புங்’ என்று மாணவர் அத்தளத்தாருக்கு எழுதினார். வாசித்துச் சொன்ன அம்மையாரின் பெயரையும், அவர்க்குக் கற்பித்த மாமியாரின் பெயரையும், ஊரையும் அவருடைய இசைவோடு குறிப்பிட்டிருந்தார். இரண்டு மாதம் கழித்து ஆடு நீக்கப்பட்டு உப்பிசம் ஏறியது. அம்மையாரின் பெயர் ஏறவில்லை. அதற்கென்று பதிவில் கட்டம் இல்லை என்று மறுமொழி வந்ததாம். மாணவர் மீண்டும் எழுதியிருக்கிறார்.